பயங்கரவாத எதிர்ப்புப் போருக்கு உள்நோக்கம் உண்டா? விவாத அரங்குக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் நூலக வாசகர் வட்டங்களும் கல்லூரித் தமிழ் மன்றங்களும் இந்தத் தலைப்பில் விவாதம் நடத்தும்போது பேச வருவோரும் கேட்க வருவோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். 2001-க்குப் பின் அமெரிக்கா நடத்திய போர்தான் மையம். இலங்கையும் நம் நாட்டுச் சட்டங்களும் பேச்சில் எப்படியும் வந்துவிடும் என்பதால் அவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கோ நடந்த போரை மலைமேல் உட்கார்ந்து ஏன் விவாதிக்க வேண்டும்?

இந்த மலைக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி இருக்கிறது, மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் மூன்றாம் தலைமுறையாக வாழ்கின்றன. மலை இறங்கினால் கோயம்புத்தூர். 1998 பிப்ரவரி 14 அன்று அங்கே நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். ஓய்வுபெற்ற சுபேதார், தாயகம் திரும்பியவரின் பேத்தி, அந்த ஊரில் உறவினரைப் பறிகொடுத்தவர் என மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடிய அரங்கு இது. ஆதாரம் இல்லாமல் வீசும் வார்த்தை இங்கே யார் மீதாவது நிச்சயம் விழும்.

தலைப்பை எப்படி வைப்பது?

"பயங்கரவாத எதிர்ப்புப் போர் நல்லதா, கெட்டதா" என்று வைத்தால் பத்தே நிமிடத்தில் பேச்சு வியட்நாமுக்கும் பாலஸ்தீனத்துக்கும் போய்விடும், திரும்பி வராது. தலைப்பில் ஓர் அரசு, ஒரு முடிவு, ஓர் ஆண்டு மூன்றும் இருக்கட்டும். எடுத்துக்காட்டாக: "2003-இல் ஈராக் மீது படையெடுக்க அமெரிக்க அரசு சொன்ன காரணம்தான் உண்மையான காரணமா?" ஒன்றரை மணி நேரத்துக்கு இந்த ஒரு கேள்வியே தாராளம். ஆப்கானிஸ்தானையும் சேர்க்க விரும்பினால் வேறொரு நாளில் தனி அரங்கு வையுங்கள்.

ஆப்கானிஸ்தானும் ஈராக்கும் ஒரே போர்தானே? ஏன் பிரிக்க வேண்டும்?

சான்றின் தன்மையே வேறு. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கா மீது தாக்குதல் நடத்திய அல்-கொய்தாவின் தலைமை ஆப்கானிஸ்தானில்தான் இருந்தது. படைபலம் பயன்படுத்த அனுமதி தந்த தீர்மானம் 2001 செப்டம்பர் 14 அன்று அமெரிக்க மேலவையான செனட்டில் 98–0 என்றும் கீழவையில் 420–1 என்றும் நிறைவேறியது. எதிர்த்த ஒரே வாக்கு கலிபோர்னியாவின் பார்பரா லீ அளித்தது. ஈராக்குக்கு அந்தத் தாக்குதலில் பங்கு இல்லை. அல்-கொய்தாவுக்கும் ஈராக்குக்கும் செயல்பாட்டு அளவில் கூட்டு இருந்ததற்குச் சான்று காணவில்லை என்று 2004-இல் செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த அமெரிக்காவின் சொந்த ஆணையமே எழுதியது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் ஈராக் பற்றிய வலுவான வாதம் ஆப்கானிஸ்தான் பற்றிய பலவீனமான வாதத்தோடு சேர்ந்து கவிழும்.

உள்நோக்கம் இருந்தது என்று நிரூபிக்க என்னென்ன காட்ட வேண்டும்?

நாங்கள் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். "உள்நோக்கம் உண்டு" என்ற ஒரு வரிக்குள் நான்கு வேறு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. அரசு வெளியே சொன்ன காரணம் தவறு என்பது முதலாவது. சொன்னபோதே அது தவறு அல்லது உறுதியற்றது என்று சொன்னவர்களுக்குத் தெரியும் என்பது இரண்டாவது. அவர்கள் மனத்தில் வேறொரு காரணமும் இருந்தது என்பது மூன்றாவது. அந்த வேறு காரணம்தான் முடிவைத் தீர்மானித்தது, அது இல்லாவிட்டால் போரே நடந்திருக்காது என்பது நான்காவது.

பேச்சாளர்களில் பலர் முதல் கூற்றை நிரூபித்துவிட்டு நான்காவதை வென்றதாக அறிவித்து இறங்குகிறார்கள். ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் (ரசாயன, உயிரி, அணு ஆயுதங்கள்) உள்ளன என்பதே அரசு சொன்ன முக்கியக் காரணம். அப்படிக் கையிருப்பு இல்லை என்பது, போருக்குப் பின் அங்கே ஆயுதம் தேடிய அமெரிக்கக் குழு 2004 அக்டோபரில் வெளியிட்ட டுல்ஃபர் அறிக்கையோடு முடிந்த விஷயம். அதை ஆறு நிமிடம் விளக்கத் தேவையில்லை, ஒரு நிமிடம் போதும். மீதி ஐந்து நிமிடத்தை இரண்டாவது, மூன்றாவது கூற்றுகளுக்குக் கொடுங்கள். நான்காவதைச் சொல்வதானால் "இது என் ஊகம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே சொல்லுங்கள். நடுவர் அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார். ஊகத்தை உண்மையாக விற்பதற்குத்தான் குறைப்பார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. போரால் ஒருவருக்குப் பணம் சேர்ந்தது என்பது வேறு, பணம் சேரவே போர் நடந்தது என்பது வேறு. டிக் செனி 1995 முதல் 2000 வரை ஹாலிபர்ட்டன் நிறுவனத்தின் தலைமை அதிகாரி. அவர் துணை அதிபராக இருந்தபோது 2003-இல் அதன் கிளை நிறுவனமான கே.பி.ஆருக்கு ஈராக் எண்ணெய்க் கிணறுகளைச் சீரமைக்கும் வேலை போட்டி ஒப்பந்தப்புள்ளி இல்லாமலே போனது. அந்த நிறுவனம் எரிபொருளுக்குக் கூடுதலாகப் பணம் பிடித்ததாக அதே ஆண்டு டிசம்பரில் ராணுவத் தணிக்கையாளர்களே சொன்னார்கள். ஆக லாபம், சலுகை, முறைகேடு மூன்றுக்கும் தாள் இருக்கிறது. போர் தொடுக்கும் முடிவை அந்த லாபம்தான் எடுத்தது என்பதற்கு இருக்கிறதா? இந்த இடைவெளியை மறைக்காமல் காட்டும் பேச்சாளரைத்தான் சபை நம்புகிறது.

தேதி வரிசை தயாரிக்கச் சொல்கிறீர்களே, அது எதற்கு?

முடிவு முந்தியதா, ஆதாரம் முந்தியதா என்று பார்க்க. உள்நோக்கத்தைச் சோதிக்க இதைவிட நேர்மையான வழி எங்களுக்குத் தெரிந்து இல்லை. ஆதாரம் முதலில் வந்து முடிவு பின்னால் வந்திருந்தால் அரசு சொன்ன காரணத்துக்கு வலு கூடும். முடிவு எடுத்த பிறகு ஆதாரம் தேடியிருந்தால் சந்தேகத்துக்கு வலு கூடும்.

அரை தாள் அளவு அட்டைகள் பன்னிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் ஒரு நிகழ்ச்சி, மேல் மூலையில் தேதி. ஈராக்குக்குக் குறைந்தபட்சம் இவை வேண்டும்: 2002 ஜனவரி 29-இல் அமெரிக்க அதிபர் புஷ் "தீமையின் அச்சு" என்று ஈராக்கைச் சேர்த்துச் சொன்னது. 2002 ஜூலை 23-இல் லண்டன் டவுனிங் தெருவில் பிரதமர் பிளேர் நடத்திய கூட்டத்தின் குறிப்பு. ஆகஸ்ட் 26-இல் பேரழிவு ஆயுதம் இருப்பதில் ஐயமே இல்லை என்று செனி பேசியது. அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்க உளவு அமைப்புகளின் கூட்டு மதிப்பீடு வந்தது. அக்டோபர் 10, 11 தேதிகளில் அமெரிக்க நாடாளுமன்றம் போருக்கு அனுமதி தந்து கீழவையில் 296–133, மேலவையில் 77–23 என வாக்களித்தது. நவம்பர் 8-இல் ஆயுதத்தைக் கைவிட ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு தந்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1441-ஆம் தீர்மானம். நவம்பர் 27-இல் ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் மீண்டும் ஈராக்கில் வேலை தொடங்கியது. 2003 பிப்ரவரி 5-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் ஈராக்கின் ஆயுதங்கள் பற்றி ஐ.நா.வில் பேசியது. மார்ச் 7-இல் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய், ஈராக் அணு ஆயுதத் திட்டத்தை மீண்டும் தொடங்கியதற்குச் சான்று இல்லை என்று சொன்னது. மார்ச் 20 படையெடுப்பு.

மேசையில் பரப்பி வைத்ததும் மூன்று விஷயம் கண்ணில் படும். ராணுவ நடவடிக்கை தவிர்க்க முடியாததாகப் பார்க்கப்படுகிறது, உளவுத் தகவல்கள் கொள்கைக்கு ஏற்பப் பொருத்தப்படுகின்றன என்று வாஷிங்டன் போய்வந்த பிரிட்டிஷ் உளவுத் தலைவர் ஜூலையிலேயே சொன்னதாக அந்தக் கூட்டக் குறிப்பு பதிவு செய்கிறது. முழு உளவு மதிப்பீடோ அக்டோபரில்தான் வருகிறது, அதுவும் செனட் உறுப்பினர்கள் கேட்டதால் சில வாரங்களில் அவசரமாக எழுதப்பட்டது. ஐயமே இல்லை என்ற செனியின் பேச்சோ அதற்கு முன்பே, ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. இந்த மூன்று அட்டைகளின் வரிசையே ஒரு வாதம்.

வழக்கமாக நடக்கும் தவறு, கூட்டக் குறிப்பு வெளியான தேதியை (2005 மே 1) நடந்த தேதியாக எழுதிவிடுவது. ஒவ்வொரு அட்டையிலும் "நடந்தது", "வெளியே தெரிந்தது" என இரண்டு தேதிகளும் வேண்டும். 2002 அக்டோபரில் வாக்களித்தவர்களைக் குற்றம் சாட்டும்போது அன்று அவர்களுக்கு எது தெரியும் என்பது இரண்டாவது தேதியைப் பொறுத்தது.

சான்று அட்டை எப்படி எழுதுவது? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

அலுமினியக் குழாய்களை எடுத்துக்கொள்வோம். மொத்த ஈராக் விவாதமும் இந்த ஒரு பொருளுக்குள் அடங்கிவிடும்.

*கூற்று:* ஈராக் வாங்க முயன்ற உயர்வலிமை அலுமினியக் குழாய்கள் யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிக்கானவை. *சொன்னவர், தேதி:* இவை உண்மையில் அணு ஆயுதத் திட்டத்துக்கே பொருந்தும் என்று 2002 செப்டம்பர் 8 அன்று தொலைக்காட்சியில் அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கண்டலீசா ரைஸ். *பொருள்:* 81 மில்லிமீட்டர் விட்டம், 7075-டி6 கலவை. *மாற்றுக் கருத்து:* ஈராக் முன்பே பயன்படுத்திய 81 மி.மீ. பீரங்கி ராக்கெட்டின் உடற்பகுதிக்கு அளவு அப்படியே பொருந்துகிறது. மையவிலக்கில் உண்மையான அனுபவம் உள்ள எரிசக்தித் துறை வல்லுநர்களும் வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் இதை எழுத்தில் பதிவு செய்தார்கள். *முடிவு:* போருக்குப் பின் நடந்த தேடலில் மையவிலக்குத் திட்டம் எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது அட்டையின் பின்பக்கம். ரகசிய மதிப்பீட்டில் எரிசக்தித் துறையின் மறுப்பு தெளிவாக இருந்தது. மக்களுக்காக அக்டோபர் 4 அன்று வெளியிட்ட சுருக்க அறிக்கையில் அது "சிலர் கருதுகின்றனர்" என்ற அளவுக்குச் சுருங்கியது. அந்தச் சிலர் யார், அவர்களுக்கு இந்தக் கருவியில் எவ்வளவு அனுபவம் என்பது காணாமல் போனது. மேலே சொன்ன இரண்டாவது கூற்றுக்கு, அதாவது "உறுதியற்றது என்று தெரிந்தே சொன்னார்கள்" என்பதற்கு, இதைவிடக் கூரிய சான்று கிடைப்பது அரிது. எதிரணி கேட்கப்போகும் கேள்வியையும் அங்கேயே எழுதி வையுங்கள்: அமெரிக்க மத்திய உளவு அமைப்பான சி.ஐ.ஏ., குழாய்கள் மையவிலக்குக்கே என்று உறுதியாகச் சொன்னது, அமைச்சர்கள் அதை நம்பியிருக்கலாமே?

ஓர் அட்டைக்கு எட்டு வரிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் எழுதினால் மேடையில் வாசிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

"எல்லாம் எண்ணெய்க்காகத்தான்" என்று அடித்துச் சொல்லலாமா?

எங்கள் மதிப்பீடு: எண்ணெய் கணக்கில் இருந்தது என்று சொல்லலாம், எண்ணெயைக் கொள்ளையடிக்கவே போனார்கள் என்று சொல்ல முடியாது.

ஆதரவாக வருபவை: செனி தலைமையிலான எரிசக்திக் குழுவின் தாள்களில் 2001 மார்ச் தேதியிட்ட ஈராக் எண்ணெய் வயல்களின் வரைபடம் இருந்தது. நீதிமன்ற வழக்கின் மூலம் அது 2003-இல் வெளியே வந்தது. 2003 ஏப்ரலில் பாக்தாத் விழுந்தபோது எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் போடப்பட்டது, தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது.

எதிராக வருபவை: 2009-இல் ஈராக் அரசு எண்ணெய் வயல்களை ஏலம் விட்டது. பெரிய வயலான ருமைலா பிரிட்டனின் பி.பி.க்கும் சீன அரசு நிறுவனத்துக்கும் சேர்ந்து போனது. கூடுதல் பீப்பாய் ஒன்றுக்கு 2 டாலர் கட்டணம் பெறும் சேவை ஒப்பந்தம் அது, எண்ணெய் ஈராக்குடையது. மேற்கு குர்னாவின் ஒரு பகுதி அமெரிக்காவின் எக்ஸானுக்குக் கிடைத்தது, இன்னொரு பகுதி ரஷ்யாவின் லூக்காயிலுக்கு. கொள்ளைதான் நோக்கம் என்றால் வரவு எங்கே என்று எதிரணி கேட்கும். "திட்டம் அதுதான், ஆனால் தோற்றுவிட்டது" என்று பதில் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அந்தத் திட்டத்தின் தாளைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது.

இதைவிட நிற்கும் வாதம் ஒன்று உண்டு: வளைகுடாவில் யார் கை ஓங்கியிருக்க வேண்டும் என்ற நீண்டநாள் கவலை. அதற்கு எண்ணெய் அடித்தளம், ஆனால் பீப்பாய்க் கணக்கு இல்லை. இந்த வேறுபாட்டை இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

தேர்தல் லாபத்துக்காகச் செய்தார்கள் என்பது?

2002 நவம்பரில் அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல். போர்ப் பிரசாரம் ஏன் செப்டம்பரில் தொடங்கியது என்று கேட்டபோது, புதுச் சரக்கை யாரும் ஆகஸ்டில் சந்தைக்குக் கொண்டுவர மாட்டார்கள் என்ற பொருளில் வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ கார்ட் பேட்டி கொடுத்தார். நல்ல சான்று. ஆனால் அது நேரம் தேர்ந்தெடுத்ததைக் காட்டுகிறது, போர் முடிவுக்கான காரணத்தைக் காட்டவில்லை. ஒரு சான்றை அது காட்டும் அளவுக்கே பயன்படுத்துங்கள்.

செப்டம்பர் 11-ஐ அமெரிக்காவே நடத்தியது என்று ஒருவர் எழுந்து சொன்னால்?

பேச விடுங்கள், அவமானப்படுத்தாதீர்கள். அதற்கெனத் தேதியோடு ஒரு தாள் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு தாள்கள் வரும்.

ஒன்று, 2000 செப்டம்பரில் அமெரிக்கச் சிந்தனைக் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கையில் உள்ள "புதிய பேர்ல் ஹார்பர்" வரி (1941-இல் ஜப்பான் திடீரெனத் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளம் பேர்ல் ஹார்பர்). முழுப் பத்தியையும் வாசிக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பேரதிர்ச்சி இல்லாவிட்டால் ராணுவத்தை நவீனமாக்கும் வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்பது அங்கே உள்ள கருத்து. அதிர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ளும் மனநிலைக்கு அது சான்று, அதிர்ச்சியை உண்டாக்கியதற்குச் சான்று இல்லை.

இரண்டாவது, 1962-இன் நார்த்வுட்ஸ் திட்டம். பொய்த் தாக்குதல்களை அரங்கேற்றிப் பழியைக் கியூபா மீது போடலாம் என்று அமெரிக்கப் படைத் தளபதிகள் எழுத்தில் பரிந்துரைத்தது உண்மை. கென்னடி அரசு அதை ஏற்கவில்லை. அரசுக்குள் இருப்பவர்கள் எந்த அளவுக்கு யோசிப்பார்கள் என்பதை அது காட்டுகிறது. 39 ஆண்டு கழித்து நடந்த வேறொரு நிகழ்ச்சியை அது நிரூபிக்காது.

இந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். நிரூபிக்கக்கூடிய ஏமாற்றுகள் இருக்கும்போது நிரூபிக்க முடியாத ஒன்றில் மாலை கழிந்துவிடுகிறது என்பதே எங்கள் வருத்தம்.

அரசுத் தரப்பில் பேச யாருமே முன்வருவதில்லை. என்ன செய்வது?

சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அரசுத் தரப்பு பலவீனமானது என்ற எண்ணம் சரியில்லை. 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் சொந்த நாட்டுக் குர்து மக்கள் மீது ரசாயன ஆயுதம் வீசியது ஈராக் அதிபர் சதாம் உசேனின் அரசு. 1998 டிசம்பருக்குப் பின் நான்கு ஆண்டு ஐ.நா. ஆய்வாளர்கள் ஈராக்கில் இல்லை. ஈரானை அச்சுறுத்தி வைக்க, ஆயுதம் இருக்கலாம் என்ற ஐயத்தைச் சதாமே தக்கவைத்தார் என்று டுல்ஃபர் அறிக்கை சொல்கிறது. 1441-ஆம் தீர்மானத்துக்குச் சிரியா உட்பட 15 நாடுகளும் வாக்களித்தன.

இவற்றின் மேல் கட்ட வேண்டிய வாதம் "பொய் சொல்லவில்லை, தவறாக நம்பினார்கள்" என்பது. 2004 ஜூலையில் வந்த செனட் குழு அறிக்கை, எல்லாரும் ஒரே திசையில் யோசித்ததே கோளாறு என்று உளவு அமைப்புகளைக் குறை சொன்னது. ஆனால் 2008 ஜூனில் அதே குழுவின் அடுத்த அறிக்கை, தலைவர்களின் பேச்சில் சிலவற்றுக்கு உளவுத் தகவலின் ஆதரவே இல்லை என்றது. முதல் அறிக்கையை மட்டும் காட்டும் அரசுத் தரப்பும் இரண்டாவதை மட்டும் காட்டும் எதிர்த்தரப்பும் ஒரே தவறைத்தான் செய்கின்றன.

ஆவணம் வெளியே வராத விஷயத்தில் என்ன முடிவு சொல்வது?

தற்காலிக முடிவு. 1964 ஆகஸ்ட் 4 அன்று வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீது நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று காட்டும் அரசின் உள் ஆய்வு 2005-இல்தான் பொதுவெளிக்கு வந்தது. அந்தத் தாக்குதலைக் காட்டி அமெரிக்கா விரிவாக்கிய வியட்நாம் போர் முடிந்து அப்போது முப்பது ஆண்டு ஆகியிருந்தது.

காத்திருக்கும்போது வேறொரு சோதனை கைகொடுக்கும்: அந்த அதிகாரம் பிறகு எதற்குப் பயன்பட்டது என்று பாருங்கள். 2001 அக்டோபரில் அமெரிக்கா கொண்டுவந்த பேட்ரியாட் சட்டம், வீட்டுக்காரருக்கு உடனே தெரிவிக்காமல் சோதனை போடும் அதிகாரத்தைப் பயங்கரவாதத்தின் பெயரால் விரிவாக்கியது. பிந்தைய ஆண்டுகளின் அரசுக் கணக்குப்படி அதில் பெரும்பகுதி போதைப்பொருள் வழக்குகளுக்குப் பயன்பட்டது, பயங்கரவாத வழக்குகள் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அமெரிக்க உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்நோடென் 2013-இல் வெளிப்படுத்திய தொலைபேசிப் பதிவுத் திரட்டல், எந்த ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவையும் மாற்றியதாகத் தெரியவில்லை என்று 2014 ஜனவரியில் அரசின் தனியுரிமைக் கண்காணிப்பு வாரியமே எழுதியது. தொடக்க நோக்கத்தை இது நிரூபிக்காது. "பயங்கரவாதத்துக்கு மட்டும்" என்ற வாக்குறுதியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அளவுகோல் தரும்.

நம் நாட்டுச் சட்டங்களைப் பேசலாமா?

கட்டாயம் பேசுங்கள், தமிழ்நாட்டிலேயே வேண்டிய சான்று இருக்கிறது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 1985 முதல் 1995 வரை இருந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், இந்தக் குற்றம் தடாவின்படி பயங்கரவாதச் செயல் ஆகாது என்று சொல்லி 19 பேரை விடுவித்தது. ஆனால் தடாவின் கீழ் காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலங்களைச் சான்றாக ஏற்றது. சட்டம் பொருந்தாது, அந்தச் சட்டம் தந்த வசதி மட்டும் பொருந்தும். இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டினாலே சபை நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா 2002 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. ஜூலையிலேயே, திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ அந்தச் சட்டத்தில் கைதானார். சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது. 2003-இல் நக்கீரன் ஆசிரியர் கோபால் கைதானார். சட்டத்தின் அறிவித்த நோக்கத்தையும் பயன்பட்ட இடத்தையும் அருகருகே வைக்க இவை போதும். 2004-இல் பொடா நீக்கப்பட்டது, அதன் முக்கியப் பிரிவுகள் அதே ஆண்டில் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபாவுக்குள் நுழைந்தன. இதைச் சொல்லாமல் "பொடா ஒழிந்தது" என்று மட்டும் சொன்னால் பாதிக் கதை.

இலங்கைப் போரைப் பேசினால் வழக்கு வருமா?

விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு 1992 முதல் இந்தியாவில் தடை உள்ளது. உபாவின் 39-ஆம் பிரிவு, தடை செய்யப்பட்ட இயக்கத்தின் செயல்பாட்டை வளர்க்கும் எண்ணத்தோடு ஆதரவு திரட்டுவதையும் அதற்காகக் கூட்டம் நடத்துவதையும் குற்றமாக்குகிறது. அந்த எண்ணம் இல்லாத வெறும் கருத்து ஆதரவு குற்றமாகாது என்று பொடாவின் இதே மாதிரிப் பிரிவுகளுக்கு 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னது. ஓர் அரசின் போரை ஆராய்வது குற்றமல்ல. எனினும் கொடி, இலச்சினை, தலைவர் படம், முழக்கம், நிதி வசூல் எதுவும் அரங்கில் வேண்டாம். முழுப் பேச்சையும் ஒலிப்பதிவு செய்து வையுங்கள், நாளை ஒரு வரியை வெட்டி யாராவது பரப்பினால் முழுமையைக் காட்டலாம்.

வாதத்துக்கான அட்டைகள்: இலங்கை அரசு தற்காலிகம் என்று 1979-இல் கொண்டுவந்து 1982-இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டம். 2002 பிப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தம், 2008 ஜனவரியில் அரசு அதிலிருந்து விலகியது. 2009 மே மாதம் போர் முடிந்தது. பொதுமக்கள் யாரும் சாகாத மீட்பு நடவடிக்கை என்று அரசு சொன்னது. 2011-இல் ஐ.நா. பொதுச்செயலரின் வல்லுநர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்ற கணக்கைப் புறந்தள்ள முடியாது என்றது. அதே குழு, புலிகள் மக்களைக் கேடயமாகப் பிடித்து வைத்ததையும் எழுதியது. இரண்டு அட்டைகளையும் வையுங்கள், ஒன்றை மறைத்தால் மற்றதும் செல்லாக்காசாகும்.

தோட்டப் பகுதிகளில் ஒரு தெளிவும் தேவை. தாயகம் திரும்பிய குடும்பங்களின் குடியுரிமையைப் பறித்தது இலங்கையின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம். பெரும்பாலானோர் உள்நாட்டுப் போருக்கு முன்பே இங்கு வந்துவிட்டார்கள், அவர்களை "போர் அகதிகள்" என்று மேடையில் சொல்லாதீர்கள். அது தவறு, அவர்களில் பலருக்கு மனக்கசப்பும் தருகிறது.

வெலிங்டனிலிருந்து படை அதிகாரியைப் பேச அழைக்கலாமா?

பணியில் இருப்பவர் உரிய அனுமதி இல்லாமல் அரசியல் பொருளில் மேடை ஏற விதி இடம் தராது, கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். ஓய்வு பெற்றவரை அழைக்கலாம். உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகும் எழுதுவதில் கட்டுப்பாடு உண்டு, 2021-இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. அவர்களிடம் "நீங்கள் பார்த்தது என்ன" என்று கேட்காதீர்கள். "ஓர் உளவு அறிக்கை எத்தனை கை மாறி அமைச்சர் மேசைக்கு வரும், எந்த இடத்தில் 'இருக்கலாம்' என்பது 'இருக்கிறது' ஆகும்" என்று கேளுங்கள். அதுதான் இந்த விவாதத்துக்கு அவர்களால் மட்டும் தரக்கூடியது.

ஆங்கில அறிக்கைகளை எல்லாம் படித்தாக வேண்டுமா?

வேண்டாம், படித்தும் முடியாது. ஈராக் போர் பற்றிய பிரிட்டனின் சில்காட் விசாரணை அறிக்கை 12 தொகுதி, சுமார் 26 லட்சம் வார்த்தை. 2016 ஜூலை 6 அன்று அதை வெளியிட்டபோது சில்காட் வாசித்த உரை சில பக்கங்கள்தான், அதைப் படியுங்கள். செப்டம்பர் 11 ஆணைய அறிக்கைக்குத் தனிச் சுருக்கம் இருக்கிறது. இரண்டும் இணையத்தில் இலவசம். ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர் தெரியாதவர் ஒருவர் என இருவராகப் பிரிந்து, ஆளுக்கு நான்கு பக்கம் எடுத்துத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லி அட்டை எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த மேற்கோளை மூலத்தில் தேடிப் பார்க்காமல் அட்டையில் ஏற்றக்கூடாது. தேடியும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

நேரம், நடுவர், மதிப்பெண் எப்படி?

அணிக்கு மூவர், ஆளுக்கு 6 நிமிடம், ஆக 36. ஒவ்வொரு பேச்சுக்கும் பின் எதிரணி 2 நிமிடம் குறுக்குக் கேள்வி, ஆக 12. சபைக்கு 25, அணிக்கு 4 நிமிடம் தொகுப்பு, நடுவருக்கு 8. மொத்தம் 89 நிமிடம். சபைக் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் கேள்வி உரையாக மாறிவிடும், கடைசி இரண்டு பேச்சாளரின் நேரம் போய்விடும்.

100-க்குச் சான்று 40, எதிரணிக்குப் பதில் 30, வாதத்தின் ஒழுங்கு 20, தமிழ் 10. பட்டிமன்றத்துக்குப் பழகிய நடுவர்கள் கைத்தட்டலுக்கு மதிப்பெண் போடுவார்கள், இந்தப் பங்கீட்டை முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒரு மதத்தையோ சமூகத்தையோ மொத்தமாகக் குற்றம் சாட்டும் வாக்கியம் வந்தால் நடுவர் அங்கேயே நிறுத்தி, "எந்த அரசு, எந்த ஆள், எந்தத் தேதி" என்று கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் அந்த வாக்கியம் கணக்கில் சேராது. இதில் தாட்சண்யம் காட்டாதீர்கள்.

எந்த நாளில் வைப்பது? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

ஞாயிறு மதியம் 2 மணி. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வர முடியும், இருட்டுவதற்குள் வீடு திரும்பவும் முடியும். கரடியும் காட்டுமாடும் நடமாடும் தோட்டப் பாதையில் யாரையும் தனியாக அனுப்பக்கூடாது. கடைசிப் பேருந்துக்கு அரை மணி முன்பே முடித்துவிடுங்கள். மே மாத சீசன் நெரிசலையும் படுகர் ஊர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களையும் தவிருங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் மின்சாரம் போகும், ஆகவே திரையில் காட்ட நினைக்கும் தேதி வரிசையைச் சார்ட் தாளிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வெளியரங்கில் ஒலிபெருக்கி என்றால் காவல் நிலையத்தில் ஒரு வாரம் முன்பே மனு கொடுங்கள், தலைப்பை முழுதாக எழுதியே கொடுங்கள். சமவெளியிலிருந்து சொந்தக் காரில் வரும் நடுவருக்கு இ-பாஸ் எடுக்க நினைவூட்டுங்கள், அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை என்பதால் ஒரு குடமும் எவர்சில்வர் டம்ளர்களும் வேண்டும்.

அட்டைகளை விவாதம் முடிந்ததும் என்ன செய்வது?

இரு அணிகளின் அட்டைகளையும் ஒரே உறையில் போட்டு, தலைப்பும் தேதியும் எழுதி நூலகரிடம் ஒப்படையுங்கள். விவாதத்தில் தவறு என்று தெரிந்த அட்டையைக் கிழிக்க வேண்டாம். சிவப்பு மையில் திருத்தமும் அதற்கான மூலமும் எழுதி வைத்தால் அடுத்து அதே தலைப்பை எடுப்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.